ஒரு கல் உப்பு

"ஒரு கல் உப்பாச்சும் போட்டயாடா?"

ஈஸ்வரமூர்த்தி போட்ட சத்தத்தில், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணிராஜ் பின்னால் நகர்ந்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் நீச்சல் குளத்துக்குள்தான் விழுந்திருப்பான்.

"போடல மொதலாளி."

"கேட்டுக்குங்க! அவன் வாயாலயே சொல்றான், எல்லாரும் கேட்டுக்குங்க!"

கேட்டுக்கொள்ள ஆள் இருந்தது. குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வீரபாண்டி விவசாயிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தியின் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கி எங்கள் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்று நியாயம் கேட்க வந்தவர்கள். முன்னால் உட்கார்ந்திருந்த கந்தவேல் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். அதை ஈஸ்வரமூர்த்தி கையால்கூடத் தொடவில்லை.

அவர்களுக்கு அவர் சொன்ன பதில் இதுதான்:

"உப்பும் இல்ல, ஒண்ணுமில்ல கந்தவேலு. பட்டறைக்குப் பின்னாடியே என்ற ஊடு. என்ற போர்த் தண்ணி எளநியாட்ட இருக்குது. அதுல உப்புன்னு எவனாச்சும் நிரூபிக்கட்டும், நாளைக்கே பட்டறைய இழுத்துப் பூட்டிப்போடறேன்."

அப்படிச் சொன்னவர் வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தது என்னவோ கேன் தண்ணீர். கந்தவேல் அதைப் பார்த்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தார் ஈஸ்வரமூர்த்தி. குளம் கட்டும்போது வந்திறங்கிய உப்பு மூட்டைகள் தையல்கூடப் பிரியாமல் அப்படியே அடுக்கியிருந்தன. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இது சாதாரணக் குளமில்லை, உப்புத் தண்ணீர்க் குளம். தண்ணீரில் உப்பு அளவாக இருந்தால் மெஷினே அதிலிருந்து குளோரின் எடுத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். குறைந்தால் பாசி பிடித்துவிடும். ஆறு லட்சம் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கப்போகிற டென்மார்க் பையர் நாளைக்கு வருகிறார். காலையில் நீந்தாமல் காப்பிகூடக் குடிக்காத மனுஷர்.

"என்ற ஊட்டு உப்பத் தின்னுபோட்டு எனக்கே துரோகம் பண்றயாடா?"

"துரோகமெல்லாம் இல்ல மொதலாளி. செவப்பு லைட்டு எரிஞ்சா உப்பு போடுன்னு குளம் கட்டுனவுக சொன்னாவ. அது எரியவே இல்ல. மொத நாள்ல இருந்து பச்சைதான் எரியுது."

"லைட்டு ரிப்பேரா இருக்கும்டா! நாளைக்கு அந்த டென்மார்க்காரன் பாசித் தண்ணியப் பார்த்து மூஞ்சியச் சுளிச்சா நீயாடா ஆர்டர் குடுப்பே? கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பு."

அந்தோணிராஜின் முகம் செத்துவிட்டது. "புள்ளைய இப்பத்தான் இங்கன பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன் மொதலாளி. ஊருக்குப் போயி நான் என்ன செய்ய?"

பார்க்கப் பாவமாக இருந்தது. கந்தவேலுக்கே மனசு கேட்கவில்லை.

"உட்டுப் போடுங்ணா. தெரியாமப் பண்ணிட்டான்."

"அதெப்படிக் கந்தவேலு? நாயம்னா நாயந்தான். என்ற ஆளா இருந்தாலும் தப்புப் பண்ணுனா உடமாட்டேன். நான் எப்படிப்பட்டவன்னு நீங்களும் பார்த்துக்குங்க." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். விதி விடவில்லை.

"இவன் நாளைக்கு யூனியன்காரங்ககிட்டப் போயி, போட்டேன்னு மாத்திப் பேசுவான். டேய், இத்தனை பேர் முன்னாடி உங்க மாதா மேல சத்தியம் பண்ணு. ஒரு கல் உப்பு போடலன்னு சொல்லு."

அந்தோணிராஜ் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டான்.

"பனிமய மாதா சத்தியமா, ஒரு கல் உப்பு போடல மொதலாளி."

"போதுமா?" என்பதுபோல் விவசாயிகளைப் பார்த்தார் ஈஸ்வரமூர்த்தி.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. குளம் கட்டிக்கொடுத்த கோயமுத்தூர் கம்பெனியின் சர்வீஸ்காரர் அருண்குமார். பையர் வருகிறாரே என்று ஈஸ்வரமூர்த்திதான் வரச் சொல்லியிருந்தார்.

"வாங்க தம்பி. இந்தத் தடியன் உப்பே போடல. எத்தனை மூட்டை கொட்டோணும்னு பார்த்துச் சொல்லுங்க."

அருண்குமார் மீட்டரைத் தண்ணீரில் முக்கினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் முக்கினார்.

"ஒரு மூட்டையும் வேண்டாங்க. உப்பு கரெக்டா நிக்குது. எங்க கஸ்டமர்ல யாருமே இவ்வளவு சரியா வெச்சுக்கறதில்லீங்க."

"ஏன் தம்பி, உங்க மீட்டரும் ரிப்பேரா?"

"புது மீட்டருங்க." அருண்குமார் மோட்டார் ரூமுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "மூட்டை பிரிக்கவே இல்லியே. அப்புறம் உப்பு எப்படி வந்துச்சு? குளத்துக்கு எந்தத் தண்ணி உட்டீங்க?"

"நம்ம போர்த் தண்ணிதான். எளநி..."

சொல்லும்போதே ஈஸ்வரமூர்த்தியின் கண் கந்தவேலின் பாட்டில் பக்கம் போனது.

கந்தவேல் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

"ஏனுங்ணா, பட்டறைக்குப் பூட்டு நல்லதா நானே வாங்கியாரட்டுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி அந்தோணிராஜின் பக்கம் ஓடினார். தோளில் கை போட்டார். குரல் வெண்ணெயாக வழிந்தது.

"அந்தோணி... கண்ணு... நீ போட்டிருப்பே. வேலை மும்முரத்துல மறந்துபோட்டே. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு சாமி. ஒரு மூட்டையாச்சும் போட்டிருப்பயல்ல?"

அந்தோணிராஜ் அவரைப் பார்த்தான். கந்தவேல் நாற்காலியில் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தான். ஜெபமாலையை மெதுவாகச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

"எப்படி மொதலாளி சொல்ல முடியும்? இப்பத்தான நீங்களே மாதா மேல சத்தியம் வாங்குனிய?"