வளையாத முன் ஃபோர்க்

சைக்கிளைப் பார்த்ததும் ஆனந்துக்கு, மகனைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

மேலே கிடந்த கோணியை இழுத்துப் போட்டுவிட்டு மண்ணிலேயே மண்டிபோட்டான்.

தொண்ணூறுகளில் வந்த மலைச் சைக்கிள். ஓசூருக்கு வேலையாக வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது அந்த வீட்டு ஜோதியம்மாளின் இளைய மகன் ராஜ்குமாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஜவளகிரிக் காடு வரைக்கும் அதிலேயே போய்வருவானாம்.

எஃகு ஃபிரேம். குழாய்கள் சேரும் இடங்களில் பித்தளை ஊற்றி இழைத்திருந்தார்கள். ஒரு குழாய் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கரட்டு வழியில் சட்டென்று கால் ஊன்றத் தோதாக மேல் குழாய் பின்னோக்கிச் சரிந்திருந்தது. சைக்கிள் கம்பெனி ஒன்றின் டிசைன் பிரிவில் இருக்கும் ஆனந்த், இப்படி ஒரு ஃபிரேமை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தான்.

மாசி மாதம் சூளகிரி ரோட்டில் சைக்கிளைப் பள்ளத்தில் விட்டு விழுந்ததில் ராஜ்குமாருக்குத் தலையில் அடி. அண்ணன் திம்மராயன்தான் தன் பிக்கப் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஊருக்கே அப்படித்தான் தெரியும். சைக்கிளை விலைக்குக் கேட்டு போன் செய்த ஆனந்துக்கும் திம்மராயன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

ஆனந்த் முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஆட்டமே இல்லை. சக்கரத்தை இருபுறமும் கவ்வியிருந்த ஃபோர்க்கைத் தடவிப் பார்த்தான். சந்தோஷத்தில் அவன் குரல் உயர்ந்தது.

"முன் ஃபோர்க் ஒரு நூல்கூட வளையலீங்கம்மா! பள்ளத்துல விட்டிருந்தா மொதல்ல இதுதான் போயிருக்கும். அடி பூரா பின்னாடி. ஏதோ வண்டி வந்து..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜோதியம்மாள் அதிரவில்லை. கேட் பக்கம் பார்த்தாள். அங்கே திம்மராயன் பிக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் மெதுவாக ஆனந்தின் பக்கத்தில் குத்தவைத்தாள்.

"தெரியும் கண்ணு. கம்பெனிக்கு நெலம் குடுக்கறதுல அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சண்டை. வேணும்னு இடிக்கலைன்னு பெரியவன் சொல்றான்."

ஆனந்த் பிக்கப்பின் முன்பக்கத்தைப் பார்த்தான்.

"இதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். எனக்குத்தான் மனசு வரல. இனி எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். எடுத்துட்டுப் போயிடு."

எழுந்து போயிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் கை ஹேண்டில்பாரை விடவில்லை.

திம்மராயன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆனந்தின் கார் மேல் சைக்கிளைத் தானே தூக்கி வைத்தான். கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு முடிச்சும் போட்டான்.

போகாமல் அங்கேயே நின்றான்.

"அண்ணா, பின்னாடி குழாய் வளைஞ்சிருக்குதே, நிமித்திரலாமா?"

"நிமித்திரலாம்."

"அடிபட்ட தடம் தெரியாதுங்களே?"

"தெரியாது" என்றான் ஆனந்த்.