துணைக்கு ஆள்

இன்றைக்கும் சொல்லவில்லை என்றால் ஆயுசு பூரா இவரோடுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள் டெலிபோன்காரம்மா. பதினோரு மாதமாக இந்த மனிதரோடு மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

முப்பது வருஷம் ஊர்ப் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வுபெற்றவளுக்கு, இந்த ஒருவர் பேச்சைத் துண்டிக்க வழி தெரியவில்லை.

வம்பை விலைக்கு வாங்கியது அவளேதான். குடியிருப்போர் சங்கம் முதியோருக்கென்று ஒரு சேவை ஆரம்பித்தது. துணை தேடுபவர்களுக்கும் துணை வருபவர்களுக்கும் சிக்கனமாக ஒரே படிவம். சும்மா இருக்கிற நேரத்தில் நாலு பேருக்கு உதவலாமே என்று 'துணைக்கு ஆள்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். செயலாளர் இந்த ரிடையரான பஸ் டிரைவரைக் கைகாட்டிவிட்டார். வியாழன்தோறும் நாலு முதல் ஐந்து வரை, சங்கக் கூடத்து ஜன்னலோர மேஜை.

இன்றைக்கும் டிரைவர் முன்னாலேயே வந்து அவள் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களாம்மா? மனசுல எதையும் வெச்சுக்காதீங்க, பேசுங்க" என்றவர், அவள் வாயைத் திறப்பதற்குள், பிரேக் பிடிக்காத பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை நாற்பதாவது தடவையாக ஆரம்பித்தார். நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஐந்து மணி ஆகிவிடுமே என்று ஏங்குகிறார் போலிருக்கிறது.

தங்கை வீட்டு மாடி காலி. "சனிக்கிழமைக்குள்ள சொல்லுக்கா, இல்லேன்னா வேற யாருக்காவது விட்டுடுவேன்" என்று கெடு வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளோடு மிச்சக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம். இவரை அம்போவென்று விட்டுப் போக மனசு வந்தால்தானே? ஏற்கெனவே இரண்டு தடவை தங்கையிடம் மறுத்தாகிவிட்டது.

ஒருவழியாக பஸ் மேட்டில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நான் தங்கச்சி வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். இனிமே இங்க வர முடியாது."

எதிரே நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பாவம், மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"அப்பாடா! உங்களை யார்கிட்ட ஒப்படைச்சுட்டு என் மகன் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாமதாம்மா நானும் இத்தனை நாளா முழிச்சுக்கிட்டிருந்தேன்!"