வெர்னாவின் பல்செட்

ஃபுளோரிடா வெயிலுக்குக் காலையிலேயே கொழுப்பு. கேளிக்கைப் பூங்காவின் மர ரோலர்கோஸ்டர் அடியில் நிற்கிறோம். எதிர்வீட்டு வெர்னா பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தருகிறாள். ஒரு தடவை உச்சியில் கத்தியபோது அது பறந்து குளத்தில் விழுந்துவிட்டது. அதிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். எழுபது தாண்டியவள், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், முன்வரிசையில் போய் உட்கார்கிறாள். எங்கள் வருஷ பாஸ் இன்றோடு முடிகிறது. புது பாஸின் விலையை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள், கொள்ளைக்காரர்கள். "விட்டுத் தொலை வெர்னா, வந்தா ஒரே ஒரு சுத்து, அதுக்கா இவ்வளவு காசு?" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "இறங்கிட்டுச் சொல்றேன், பொறு" என்றாள். நான் கீழே நிற்க, வண்டி கடகடவென்று ஏறுகிறது. உச்சியில் ஒரு நொடி எல்லாச் சத்தமும் நிற்கிறது. பின்வரிசை இளவட்டங்கள் தலையைக் குனிந்து கம்பியை இறுக்கிக்கொள்ள, இவள் மட்டும் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்குகிறாள். நரைமுடியில் வெயில் பற்றி எரிகிறது. வண்டி குப்புற விழும்போது அவள் போடும் கூச்சலில் மரச்சட்டங்களே அதிர்வதுபோல் இருக்கிறது. இப்படிக் கத்த எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

இறங்கி வருகிறாள். பொக்கைவாய் நிறையச் சிரிப்பு.

"நான் பாஸ் எடுக்கத்தான் போறேன், கஸ். நீதான் எதுலயும் ஏறவே மாட்டியே, உனக்கெதுக்குய்யா தண்டச் செலவு?"

கைக்குட்டையை அவளிடம் நீட்டுகிறேன்.

"அப்ப இதை எவன் வச்சிருப்பான்?" என்று சொல்லிவிட்டு, பாஸ் கொடுக்கும் ஜன்னலை நோக்கி அவளுக்கு முன்னால் நடக்கிறேன்.