காலிக் கட்டம்

துடியலூர் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய எழுத்துகள், மத்தியான வெயிலோடு வந்து ராமாமணியின் மடியில் நிழலாக விழுகின்றன. மடியில் நாய் பிரவுனியின் தடுப்பூசி அட்டை. போன மாதம் மகன் மோகன் நாயை மெட்ராசுக்குக் கூட்டிப்போகும்போது, "ஊசியெல்லாம் போட்டாச்சு கண்ணு" என்று சொன்னது அவள்தான். நேற்று அது மோகனின் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் குழந்தைக்கு என்ன வைத்தியம் என்று அங்கே ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்களாம். இந்த வருஷத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

கெட்டி அட்டை ஃபேக்ஸ் மெஷினுக்குள் போகாது. பூத்துக்காரி சாந்தாமணி ஜெராக்ஸ் எடுக்கிறாள். சூடு ஆறாத தாளில் அவள் விரல் நிற்கிறது. "ஏனுங்கம்மா, இங்க ஒண்ணு எழுதாம உட்டுப்போட்டாங்க. தேதி போட்டு அனுப்பிரலாங்களா?" மேசையோரம் நூலில் கட்டிய பேனா ஆடுகிறது. ராமாமணி அதைப் பிடிக்கிறாள். மேலே இருப்பதெல்லாம் டாக்டரின் கோழிக்கிறுக்கல்; யார் எழுதினாலும் தெரியாது. குழந்தைக்கு நாலு வயசு என்று மோகன் சொன்னான். பேனா மறுபடி ஆடுகிறது.

"ஊசி போடலீங்க. அப்படியே அனுப்புங்க."

மெஷின் கீச்சிட்டபடி தாளை மெல்ல இழுக்கிறது. பிரவுனியின் பெயர் போகிறது, பழைய தேதிகள் போகின்றன, காலிக் கட்டமும் போகிறது. சற்றைக்கெல்லாம் போன் அடிக்கிறது. "மெட்ராசுங்க," என்று சாந்தாமணி ரிசீவரை நீட்டுகிறாள். ராமாமணி காதில் வைக்கிறாள். "போட்டாச்சுன்னு சொன்னியேம்மா," என்கிறான் மோகன். ரிசீவரை வைத்துவிட அவளுக்குக் கை வரவில்லை.