கையகலச் சீவல்

“போட்டோ பிடிச்சு மரத்துக்குப் பேர் சொல்வீங்களாக்கும்! நல்ல வேடிக்கை!”

லாரி டிரைவர் போட்ட கூச்சலில் சோதனைச் சாவடியே திரும்பிப் பார்த்தது.

வனக்காவலராக இருந்த அந்தப் பெண் கையிலிருந்த கருவியின் கேமராவைத் துடைத்தபடி பர்மிட்டைப் படித்தாள். பெட்டி செய்கிற சாதா மரம், நாற்பது கட்டை.

“சீக்கிரம் விடும்மா, பின்னால வண்டிங்க நிக்குது,” என்றார் கேபினுக்குள்ளிருந்த லாரி முதலாளியின் மைத்துனர்.

அவள் லாரியின் பின்பக்கம் போனாள். டிரைவரும் கூடவே வந்தான். கட்டைகளின் வெட்டுமுகம் முழுக்கச் சேறு அப்பியிருந்தது.

ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்துப் பழகிய கருவிதான். ஆனாலும் வெட்டுமுகத்தைச் சீவி, உள்ளிருக்கும் நுண்துளைகளைக் காட்டினால்தான் அது இன்ன மரமென்று சொல்லும்.

“சேறு இருந்தா உங்க டப்பாவுக்குக் கண்ணு தெரியாதோ? ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டுங்க மேடம்!”

என்ன வாய் இவனுக்கு! சீவுகிற கத்தி மேஜை டிராயரில் இருந்தது. எடுத்துவரத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

நடுவில் ஒரே ஒரு கட்டையில், கையகலத்துக்கு, யாரோ புதிதாகச் சீவியிருந்தார்கள். செக்கச்செவேலென்று இருந்தது.

கருவியை அதில் வைத்தாள். மூன்றே விநாடி. வெட்டத் தடை செய்த மரம் என்றது திரை.

“எல்லாக் கட்டையையும் இறக்குங்க!”

“பொய்! மெஷின் பொய் சொல்லுது!” டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான்.

மைத்துனர் இறங்கி ஓடி வந்தார். சீவிய இடத்தை உற்றுப் பார்த்தார். குரல் தணிந்தது.

“இதை மட்டும் எவன் சீவினான்? நம்ம ஆள்னு தெரிஞ்சா உயிரோட விடமாட்டேன்.”

டிரைவரின் வாய் சட்டென்று அடைத்துப்போனது. மடித்துவிட்ட அவன் சட்டைக்கையில் சுருளாக ஒரு சிவப்புச் சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். விறுவிறுவென்று போய் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“இவ்வளவு நேரம் துள்ளினியே, இப்பப் பேசுடா பார்ப்போம்!”

கையை எடுத்தபோது சீவல் அவளது உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்களை இறுக மூடிக்கொண்டு மைத்துனர் பக்கம் திரும்பினாள்.

“நான்தான் சீவினேன் சார். இந்த மெஷினுக்குக் கையகலம் போதும்.”