ஐந்து சதப் பெயர்

ஒரு மனிதனின் பெயர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

வெள்ளவத்தையில், 2008 ஜூலையில், ஐந்து சதம். அமெரிக்கச் சதம். நம் காசில் ஐந்து ரூபாய் நாற்பது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், கடற்கரை ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீட்டில், நிலாம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகம், அவன் பேச்சில் கந்தோர், வைத்து, சின்ன வியாபாரிகளுக்குக் கூகிள் விளம்பரம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். அந்த வீட்டில் இருக்கும் அருந்ததி இணையத்தில் கேக் விற்கிறவள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் காசு கட்டினால், கொழும்பில் இருக்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் போகும்.

"கணக்கு லேசு அக்கா. ஒரு கேக்குல உங்களுக்கு நிக்கிறது அறுநூறு ரூவா. நாப்பது பேர் விளம்பரத்தத் தட்டினா ஒருத்தர்தான் ஓடர் போடுற. அப்ப ஒரு தட்டுக்குப் பதினஞ்சு ரூவா குடுத்தா கையில ஒண்டும் மிஞ்சாது. அதுல பாதி, ஏழர ரூவா. அதுக்கு மேல ஏலா."

"இப்ப எவ்வளவு குடுக்கிறன்?"

"முப்பத்திரண்டு."

அருந்ததி தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளினாள். "அப்ப நான் கேக் விக்கேல்ல. கூகிளின்ர வாயில தீத்திக்கொண்டிருக்கிறன்."

தேடலில் விளம்பரத்தைக் கொண்டுவர ஏலம் கேட்டிருந்த சொற்களில் விலைகூடியவற்றை நிலாம் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டினான். "மிச்சத்தை நாளைக்கு ஆறுதலாப் பாருங்கோவன்" என்றாள் அவள்.

"நாளைக்கு ஞாயிறு. கந்தோர் பூட்டு. வீட்டுல கொம்பியூட்டர் இல்ல, கணக்குப் பாக்க பொஞ்சாதி மட்டுந்தான் ஈக்கிறா."

கடைசியாக ஒரு சொல் மிஞ்சியது. ஆங்கில எழுத்தில் ஒரு முழுப்பெயர்: தில்லைநாதன் சுந்தரலிங்கம். அருந்ததியின் புருஷன். பதினாலு மாதத்துக்கு முன் கொட்டாஞ்சேனைக்குக் கேக் கொண்டுபோனவர். கேக் போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பவில்லை.

அந்தப் பெயரை யாராவது கூகிளில் தேடினால் பக்கத்தில் ஒரு வரி வரும்: "நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்." தட்டினால் அருந்ததியின் போன் நம்பர். அதற்குத்தான் ஐந்து சதம்.

"இதையும் வெட்டுவோம் அக்கா. ஒரு கேக்கும் விக்காத சொல்லு."

"அதை விடுங்கோ நிலாம். ஒரு நாளைக்கு ஒருக்கால் ஆரோ தட்டுகினம். அவரைத் தவிர ஆர் அவரின்ர பேரைத் தேடப்போகினம்?"

சுவரில் கலண்டர் தொங்கியது. கறுப்புத் தேதி, சிவப்புத் தேதி என்று பாராமல் இன்றுவரை ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி; அந்தப் பெயருக்குத் தட்டு விழுந்ததைக் கணக்கில் பார்த்து அருந்ததி வைப்பது. நிலாம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தான். அந்தச் சொல்லின் கணக்கையும் அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

மேசையில் அருந்ததியின் பாஸ்போட் கிடந்தது. லண்டனில் இருக்கும் அண்ணன் எடுத்துக் கொடுத்த விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. போன கிழமையும் கீழ்வீட்டுப் பெடியனை யாரோ இரவோடிரவாக வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"நீங்க போகணும் அக்கா."

"அவர் வந்து கதவைத் தட்டேக்க பூட்டிக் கிடந்தால்? அதே வீட்டில இருக்கிறன் எண்டு எழுதிப் போட்டு நான் எப்பிடிப் போறது?"

நிலாம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். பஸ்ஸில் வரும்போது ஐந்தாறு தரம் சொல்லிப் பார்த்த வசனத்தை விட்டு, நேரே சொன்னான்.

"அது நான்தான் அக்கா."

"எது?"

"தட்டுறது. மொத நாள் விளம்பரம் வேல செய்யுதா எண்டு பாக்கத்தான் தட்டின. அண்டைக்கே நீங்க எனக்குப் போன் எடுத்து அழுதீங்க, அவர் உசிரோட ஈக்கிறார் எண்டு. அடுத்த நாள் தட்டாம இருக்க எனக்கு மனசு வரல்ல. அப்பிடியே பழகிப் போச்சு."

கீழே ரயில் ஒன்று கடலோரமாகப் போனது. அருந்ததி அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்கட விளம்பரத்தை நாங்களே தட்டக்கூடாது, காசு போகும் எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தானே. நான் இண்டைக்குவரைக்கும் அதைத் தொடேல்ல."

"தெரியும் அக்கா. அந்தக் காசு முழுக்க நான் தாறன். நீங்க போங்க. அங்க தட்டுறதுக்கு ஒருத்தரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"ஒவ்வொரு நாளும் நீங்களோ?"

"கந்தோர் தொறந்த ஒவ்வொரு நாளும். காலையில வந்த உடன அதுதான் மொத வேல."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று நினைத்திருந்தான். அவள் எழுந்துபோய் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி வந்து அவன் மடியில் வைத்தாள். போன மாதத்தைப் புரட்டி, ஒரு சிவப்புத் தேதியில் விரலை வைத்தாள். பிறகு இன்னொன்றில். பிறகு பூரணை விடுமுறையான போயா தினத்தில். எல்லாவற்றிலும் புள்ளி இருந்தது.

"ஞாயிறும் கந்தோர் திறக்கிறனீங்களோ?"

நிலாம் திரும்பினான். கொம்பியூட்டரில் அந்தச் சொல்லின் கணக்கை முதல்முறையாகத் திறந்தான். ஜூன், முப்பது நாள். முப்பது தட்டு. கந்தோர் பூட்டிய ஆறு நாள் போக, அவன் தட்டியது இருபத்துநாலு.

மறுநாள் காலை அவன் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பதினொரு மணிக்கு அருந்ததி அவனுக்குப் போன் எடுத்தாள்.

"இண்டைக்கும் ஒண்டு விழுந்திருக்கு."