அதிகாரியின் ஷூ

அறிவுத்திறன் குறைபாடு உடைய ஆண்கள் தங்கியிருக்கும் அந்த இல்லத்தில் மின்விசிறி சுற்றினால், ஆய்வுக்கு அதிகாரி வந்திருக்கிறார் என்று பொருள். அன்று பீரோவிலிருந்து பூப்போட்ட படுக்கை விரிப்புகள் இறங்கும். கேசரியில் முந்திரி தென்படும். வார்டன் குணசுந்தரி எல்லோரையும் 'கண்ணு' என்பார். ஜீப் தெருமுனை திரும்பியதும் விசிறி நிற்கும், விரிப்புகள் பீரோவுக்குள் போகும், கண்ணுகளெல்லாம் மறுபடி 'ஏய்' ஆகிவிடுவார்கள். அங்கே தங்கியிருந்த நாற்பத்தைந்து வயது வேதமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தடவை, வாசலில் கழற்றிப்போட்ட ஷூவைக் காணாமல் அதிகாரி குணசுந்தரியின் ரப்பர் செருப்போடு ஜீப் ஏறினார். பழி தெருநாய் மேல் விழுந்தது.

இன்று காலை அதே ஷூ, பளபளவென்று துடைக்கப்பட்டு, வாசலில் ஜோடியாக இருந்தது.

"ஐயையோ, சொல்லாம கொள்ளாம வந்துட்டாரே! ஃபேனப் போடு! கேசரியக் கிண்டு!" என்று, ஷூவைக் கண்ட பதற்றத்தில் வேறெதையும் யோசிக்காமல் அலறினார் குணசுந்தரி. விசிறி சுற்றியது. விரிப்புகள் இறங்கின.

"சார் எங்க, கண்ணு?"

வேதமுத்து கழிவறையைக் காட்டினார். சாத்திய கதவுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குணசுந்தரி புதுத் துண்டோடு போய் நின்று, "ஒண்ணும் அவசரமில்ல சார், நிதானமா வாங்க," என்றார் குழைந்து.

கேசரி வந்த பிறகும் அவர் அங்கேயேதான் நின்றார். உள்ளே குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்த வேதமுத்து, விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, மூன்றாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினார்.